பன்னிரண்டு உளியும் ஒரு துண்டுத் தோலும்

(மரச்செதுக்கு வேலை பழகத் தொடங்கியிருப்பவர்களுக்காக நாமக்கல்லில் நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைச் சிற்பி என்று அறிமுகம் செய்தார்கள். அதை முதலில் திருத்திவிடுகிறேன். முப்பத்துமூன்று வருடம் வங்கியில் கணக்கு எழுதியவன் நான். ஓய்வு பெற்ற பிறகுதான் உளியைத் தொட்டேன். இங்கிருந்து பஸ் ஏறினால் தம்மம்பட்டி. அதைத் தாண்டிப் பெரம்பலூர்ப் பக்கம் போனால் அரும்பாவூர். இரண்டு ஊர் மரச்சிற்பங்களும் புவிசார் குறியீடு வாங்கியவை. அந்த ஊர்க்காரர்கள் யாராவது பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் என்னை மன்னிக்க வேண்டும்.

அவர்களை விட்டுவிட்டு என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று வருகிற வழியெல்லாம் யோசித்தேன். ஒரு காரணம் தோன்றியது. பட்டறைக்குள்ளேயே வளர்ந்த பிள்ளைக்கு உளி தீட்டுவது எப்படி என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. அப்பா தீட்டுகிற சத்தத்தைக் கேட்டே அது வந்துவிடும். அப்படி வளர்ந்தவரிடம் போய் 'எப்படிங்க தீட்டறது?' என்று கேட்டால், 'இப்படித்தான்' என்று தீட்டிக் காட்டுவார். நமக்கு ஒன்றும் பிடிபடாது. நான் ஒவ்வொன்றையும் தப்பாகச் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டவன். வழுக்குகிற இடம் எது என்று வழுக்கி விழுந்தவனுக்குத் தெரியும்தானே.

ஓய்வு பெற்ற மாதமே இணையத்தில் ஒரு உளிப்பெட்டி வாங்கினேன். பன்னிரண்டு உளி, அறுநூற்று ஐம்பது ரூபாய். உளி ஒன்றுக்கு ஐம்பத்துநாலு ரூபாய் சொச்சம். வங்கிக்காரன் புத்திக்கு அது பெரிய லாபமாகப் பட்டது. பெட்டியைத் திறந்தால் கண்ணைப் பறிக்கிறது. வார்னிஷ் அடித்த பிடி, முகம் தெரிகிற மாதிரி பளபளப்பு, ஒவ்வொரு நுனிக்கும் ஒரு பிளாஸ்டிக் தொப்பி. தெரிந்த மரக்கடையில் ஒரு வாகைத் துண்டு வாங்கி வந்து, அதை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் உளியை வைத்துத் தள்ளினேன். மரம் சீவப்படவில்லை, நசுங்கியது. இன்னும் அழுத்தினேன். உளி வழுக்கிக்கொண்டு போய் இடது கட்டைவிரலின் அடியில் ஏறியது. நாலு தையல்.

வீட்டம்மா கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்கள். "மரத்தை வெட்ட மாட்டேங்குதுன்னீங்களே, கையை மட்டும் எப்படிங்க வெட்டுச்சு?"

கேலியாகத்தான் கேட்டார்கள். ஆனால் இந்த விஷயத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். மழுங்கிய உளி மரத்துக்குள் இறங்காது. இறங்காததால் நாம் பலத்தைக் கூட்டுகிறோம். கூட்டின பலம் முழுக்க ஒரே நொடியில் வழுக்கலாக மாறும். மரத்துக்குப் போதாத கூர் தோலுக்குத் தாராளமாகப் போதும். நன்றாகத் தீட்டிய உளிக்கு இரண்டு விரலின் தள்ளல் போதும், கை எப்போதும் நம் வசத்தில் இருக்கும். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். மரத்தைக் கையில் பிடிக்காதீர்கள். கிளாம்ப் போட்டு மேசையோடு இறுக்குங்கள். இரண்டு கையும் உளியின் மேல், வாய்க்குப் பின்னால் இருக்கட்டும். இரண்டும் பின்னால் இருக்கும்போது உளி எங்கே வழுக்கினாலும் முன்னால் வெட்டுப்படக் கை கிடையாது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அவளைப் போல ஆகிவிடக் கூடாதென்று, குற்றம் என்னுடையது, எனக்குத்தான் கை வரவில்லை என்று இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். கூடம் நிஜமாகவே கோணல்தான்!

எப்படி அளந்தேன் என்று சொல்கிறேன். கடையிலேயே நீங்களும் செய்யலாம். உளியின் வாய்ப் பக்கம் ஒரு சாய்வு இருக்கும். அலகின் தடிமனை அளந்துகொள்ளுங்கள், சாய்வின் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். தடிமனைப் போல இரண்டரை மடங்கு நீளம் இருந்தால் கோணம் இருபத்துநாலு பாகைக்குப் பக்கத்தில் வரும். கையால் தள்ளிச் செதுக்கும் உளிக்கு அது நல்ல கோணம். தடிமன் 3 மில்லிமீட்டர் என்றால் சாய்வு ஏழரை இருக்க வேண்டும். என் பெட்டியில் ஐந்துதான் இருந்தது. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட முப்பத்தேழு பாகை. விறகு பிளக்கிற ஆப்புக்குச் சரியான கோணம். அதை வைத்துக்கொண்டு நான் பிள்ளையாரின் காதைச் செதுக்கப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது சோதனைக்கு ஒரு சின்ன அரம் வேண்டும். அலகின் ஓரத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், அரத்தை மெல்ல இழுங்கள். கண்ணாடி மேல் இழுத்த மாதிரி வழுக்கிப் போனால் இரும்பு கடினமானது. கடித்துத் தூள் எடுத்தால் அது மெத்து. மெத்தான இரும்பைத் தீட்டினாலும் கூர் வரும், பத்து வெட்டில் போய்விடும். என் பன்னிரண்டில் நாலு வழுக்கியது, எட்டு கடித்தது.

அந்த எட்டையும் தூக்கிக்கொண்டு ராசிபுரம் போகிற வழியில் ஒரு கொல்லுப்பட்டறைக்குப் போனேன். அருவாளும் களைக்கொத்தும் அடிக்கிறவர். ஒன்றை வாங்கிப் பார்த்தார். நேராகப் போய்ச் சுற்றுகிற சாணையில் ஒரு நொடி தொட்டு எடுத்தார். பொறி மத்தாப்பூ மாதிரி கிளை கிளையாய்ப் பிரிந்து சிதறியது.

"இரும்பு ஒண்ணும் மோசமில்லீங்க சாமி. தோய்ச்சல்தான் சரியா ஏறல."

"இரும்பு நல்லதுன்னு எப்படிங்க சொல்றீங்க?"

"பொறியப் பாருங்க, பூப்பூவா வருது. கம்பி இரும்பா இருந்தா கோடுகோடா நீட்டமாத்தான் போகும்."

அவர் சொன்னது சரி. எஃகில் கரி அதிகமாக இருந்தால் பொறி வெடித்துப் பூக்கும். கரி குறைந்த கட்டடக் கம்பி நீளக் கோடாகத்தான் விடும். கரி இருந்தால்தான் தோய்ச்சல், அதாவது காய்ச்சி முக்கிக் கடினமாக்குவது, ஏறும். மூன்று உளியை மட்டும் போட்டுத் தரச் சொன்னேன். உலையில் சிவக்கக் காய்ச்சினார். ஒரு காந்தத் துண்டைக் கிட்டே கொண்டுபோனார், ஒட்டவில்லை. எஃகு 770 பாகை செல்சியஸுக்கு மேலே போனால் காந்தத்துக்கு மசியாது. அவர் பட்டறையில் வெப்பமானி கிடையாது, அந்தக் காந்தம்தான் வெப்பமானி. இன்னும் கொஞ்சம் காய்ச்சி எண்ணெயில் முக்கினார். 'இப்படியே விட்டா கண்ணாடியாட்டம் உடஞ்சிரும்' என்று சொல்லிவிட்டு, அலகைத் தேய்த்து வெளுப்பாக்கி, மறுபடியும் தணலின் ஓரத்தில் காட்டினார். வெளுத்த இரும்பின் மேல் வைக்கோல் நிறம் மெல்லப் படர்ந்து வாய்ப் பக்கம் வந்ததும் தண்ணீரில் போட்டார். அந்த நிறம் 220, 230 பாகையில் வருவது. அதைத் தாண்டினால் பழுப்பு, ஊதா, 300 பாகை கிட்டே நீலம். நீலத்துக்குப் போன எஃகு ஸ்பிரிங்குக்கு ஆகும். உளிக்கு ஆகாது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று தெளிந்தது. இந்த உரை முழுக்க அந்த ஒன்றைச் சுற்றித்தான் வரும். கடையில் உளி விற்பதில்லை. உளிக்கான இரும்பை விற்கிறார்கள். மலிவான பெட்டியில் அந்த இரும்பு பாதி வேலையோடு வருகிறது, விலை உயர்ந்ததில் முக்கால் வேலையோடு வருகிறது. மிச்ச வேலை எப்போதும் வாங்குகிறவருடையது.

முன்வரிசையில் அந்தத் தங்கச்சி ஏதோ கேட்க வருகிறார். கேளுங்கம்மா... 'விலை உயர்ந்ததையே வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே' என்கிறார். நியாயமான கேள்வி. சுவிட்சர்லாந்தில் பைல் என்று ஒரு கம்பெனி செதுக்குளி செய்கிறது. வாங்கின கையோடு வேலை செய்யலாம், அவ்வளவு கூராகவே அனுப்புகிறார்கள். ஒரே ஒரு உளி இங்கே வந்து சேர மூவாயிரம் ரூபாயைத் தாண்டும். நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஒன்று கொண்டுவந்தார். முதல் நாள் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. நாலாம் நாள் 'என்னங்க, டல் அடிக்குது' என்று என்னிடம் கொண்டுவந்தார். எந்த உளியும் இருபது நிமிட வேலைக்கு ஒருமுறை தோலில் இழுபட்டுக் கூர் ஏற்றிக்கொண்டாக வேண்டும். மூவாயிரம் ரூபாய் உளிக்கு அதிலிருந்து விலக்குக் கிடையாது. தீட்டத் தெரிந்த பிறகு நல்ல உளி வாங்குங்கள், அதன் அருமை அப்போதுதான் புரியும். அதுவரை மூவாயிரத்தை வங்கியில் போட்டு வையுங்கள்.

வெளிநாட்டுப் பட்டியலைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. உளியின் மேல் 3, 5, 7, 9 என்று எண் போட்டிருக்கும். அது அகலம் கிடையாது, வாயின் வளைவு. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு உளிக்காரர்கள் ஏற்படுத்திய கணக்கு. 1 என்றால் தட்டை. 3 என்றால் வளைவு இருப்பதே தெரியாத அளவு. 9 ஏறக்குறைய அரைவட்டம். அகலம் தனியாக மில்லிமீட்டரில் வரும். நண்பர் ஒருவர் 9 என்பதை ஒன்பது மில்லிமீட்டர் என்று நினைத்து வாங்கி, தட்டையாகச் சீவ வேண்டிய இடத்தையெல்லாம் வாய்க்கால் வாய்க்காலாகத் தோண்டி வைத்தார்.

எத்தனை உளி வேண்டும்? மூன்றும் ஒரு கத்தியும். பன்னிரண்டு வாங்காதீர்கள். பெட்டியில் வரும் பன்னிரண்டில் ஆறு ஏறக்குறைய ஒரே வடிவம். எண்ணிக்கைக்காக அடுக்கினது. லேசான வளைவில் பதினைந்து மில்லிமீட்டர் அகலத்தில் ஒன்று, நல்ல வளைவில் பத்து மில்லிமீட்டரில் ஒன்று, தட்டையாக ஒன்று. வாய் வளைந்ததை நான் வளைவுளி என்று சொல்லிப் பழகிவிட்டேன். பட்டறைக்குப் பட்டறை வேறு பேர் வைத்திருப்பார்கள், அங்கே போனால் அவர்கள் சொல்கிற பேரையே சொல்லுங்கள். கத்திக்கு ஆக்ஸா பிளேடு போதும். உடைந்த துண்டைச் சாணையில் தேய்த்துத் துணி சுற்றி நாம் பள்ளிக்கூடத்தில் மாங்காய் நறுக்கினோமே, அதே பிளேடு. அதுவும் கரி எஃகுதான். சின்னச் சின்ன உளிக்குக் கான்கிரீட் ஆணியைத் தேய்த்துக்கொள்ளலாம். தோய்ச்சல் ஏற்றியே வருகிறது. கொல்லுப்பட்டறை பக்கத்தில் இருந்தால் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்துத் தரச் சொல்லுங்கள். வேண்டிய வளைவை மெழுகிலோ களிமண்ணிலோ அழுத்திக் காட்டினால் அவருக்குப் புரிந்துவிடும். 'வி' மாதிரி வாய் உள்ள உளியை முதல் ஆறு மாதம் வாங்க வேண்டாம். அது இரண்டு தட்டை உளியையும் ஒரு நுனியளவு வளைவுளியையும் ஒட்டின மாதிரி. மூன்றையும் சேர்த்துத் தீட்டும்போது நடுவில் ஒரு கொக்கி முளைக்கும். அந்தக் கொக்கியை எடுக்கத் தெரியாமல் நான் ஒரு உளியைப் பாதியாகத் தேய்த்தே தீர்த்துவிட்டேன்.

சரி, தீட்டுவதற்கு வருவோம். அதற்கு முன்னால் இந்தக் கல்லைக் கொஞ்சம் பாருங்கள்.

ஹார்டுவேர் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற இருமுகக் கல். ஒரு பக்கம் சொரசொரப்பு, இன்னொரு பக்கம் நயம். கடையில் என்ன சொல்லிக் கேட்கிறோம்? கார்பொரண்டம் கல். இந்தப் பேர் வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் என்பவர் செயற்கையாக வைரம் மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று களிமண்ணையும் கரித்தூளையும் கலந்து மின்சாரத்தில் பொசுக்கிப் பார்த்தார். மின்னுகிற படிகங்கள் வந்தன, கண்ணாடியைக் கீறின. கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று தப்பாக நினைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் ஒட்டிக் கார்பொரண்டம் என்று வைத்தார். 1893இல் காப்புரிமையும் வாங்கினார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு, கொரண்டம் அதில் துளியும் கிடையாது. பேர் மட்டும் நின்றுவிட்டது.

சரி, கொரண்டம் என்றால் என்ன? நம்முடைய குருந்தம்தான். குருந்தக் கல். வைரத்துக்கு அடுத்த கடினம். மோஸ் அளவில் வைரம் 10 என்றால் இது 9. மாணிக்கமும் நீலமும் இதே கல்லின் நிறம் ஏறிய வடிவங்கள். நம் ஊர்களில் குருந்தப் பொடியை அரக்கோடு குழைத்துச் சாணைச் சக்கரம் வார்த்திருக்கிறார்கள். அந்தக் கல் ஐரோப்பாவுக்குப் போய், 1798இல் சார்லஸ் கிரெவில் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். தமிழ்ப் பேர்தான் அங்கே கொரண்டம் ஆனது. அமெரிக்காக்காரர் அதை எடுத்துத் தன் புதுப் பொருளுக்கு வைத்தார். 1954இல் சென்னையில் முருகப்பா குழுமம் இரண்டு வெளிநாட்டுக் கம்பெனிகளோடு சேர்ந்து கார்பொரண்டம் யுனிவர்சல் என்று ஆரம்பித்தது. பேர் கப்பலேறிப் போய், நூற்றைம்பது வருடம் கழித்து உருமாறி, ஹார்டுவேர் கடைக்கே திரும்பி வந்திருக்கிறது. கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். 'அப்படிங்களா, நூத்தம்பது ரூவா கல்லு வேணுமா, முன்னூறு ரூவா கல்லு வேணுமா?' என்றார்.

இந்த மாவட்டக்காரர்களுக்கு இன்னொரு உரிமையும் உண்டு. சித்தம்பூண்டிப் பாறையில் குருந்தம் இருக்கிறது, குரோமைட்டும் இருக்கிறது. அந்தப் பாறை நிலா மண்ணைப் போல இருப்பதால் அதைப் பொடித்துத்தான் சந்திரயான் இறங்குகலனுக்கு இஸ்ரோ ஒத்திகை பார்த்தது. அது வேறு கதை. குரோமைட்டை ஏன் சொன்னேன் என்று கடைசியில் தெரியும்.

முன்னூறு ரூபாய்க் கல்லும் வாங்க மனமில்லை என்றால் இன்னும் மலிவான வழி இருக்கிறது. கண்ணாடிக் கடையில் கழிவாகக் கிடக்கிற தடித்த கண்ணாடித் துண்டு ஒன்று. கார் பெயின்ட் அடிக்கிறவர்கள் வாங்குகிற கடையில் வாட்டர் பேப்பர். 220, 400, 800, 1500, 2000 என்று ஒவ்வொரு தாள். மரத்துக்குத் தேய்க்கிற சாதா உப்புத்தாள் ஆகாது, தண்ணீரில் ஊறிப் பிய்ந்துவிடும். கண்ணாடியை நனைத்துத் தாளை ஒட்டினால் தானே பிடித்துக்கொள்ளும். நான் முதல் வருடம் முழுக்க இப்படித்தான் தீட்டினேன். தாள் சீக்கிரம் தேயும். வருடக் கணக்குப் பார்த்தால் கல்லே லாபம் என்று பிறகு தெரிந்தது.

உளியின் சாய்வு முழுக்க ஒரு மார்க்கர் பேனாவால் கறுப்படித்துக்கொள்ளுங்கள். 220 தாளில் சாய்வைப் படிய வைத்து, உங்களைப் பார்த்து ஒரு இழுப்பு. முன்னால் தள்ளாதீர்கள், தாள் கிழியும். திருப்பிப் பாருங்கள். கறுப்பு எந்த இடத்தில் போயிருக்கிறதோ அங்கேதான் தேய்கிறது. வாயில் மட்டும் போயிருந்தால் கையைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். பின்னால் மட்டும் போயிருந்தால் தாழ்த்திப் பிடிக்கிறீர்கள். முப்பத்தேழு பாகையை இருபத்துநாலாக்க வேண்டும் என்றால் பின்னால்தான் நிறையத் தேய்க்க வேண்டும். முதல் தடவை ஒரு உளிக்கு ஒரு மணி நேரம் ஆகும். ரேடியோவைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த உளியின் ஆயுளில் அது ஒரே ஒரு தடவைதான்.

அவசரப்பட்டு மோட்டார் சாணைக்கு எடுத்துப் போகாதீர்கள். நான் போனேன். தெரிந்த வெல்டிங் பட்டறையில் நானே சாணையில் வைத்து அழுத்தினேன். மூன்று நிமிடத்தில் கோணம் வந்துவிட்டது. வாயில் மயில் கழுத்து நிறமும் வந்துவிட்டது. கொல்லுப்பட்டறை ஆசாரி தோய்ச்சல் போட்டுக் கொடுத்த உளி. அந்த நீலம் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறதோ அவ்வளவையும் தேய்த்துத் தள்ளினால்தான் மறுபடி உளி. சாணையில்தான் வைப்பேன் என்றால் இரண்டு நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்குங்கள், விரல் தாங்காத சூடு இரும்புக்கும் ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டை உளிக்கு இழுத்தால் போதும். வளைவுளியை இழுக்கும்போதே மணிக்கட்டை உருட்ட வேண்டும், ஒரு மூலையில் தொடங்கி மறு மூலையில் முடிய. தோசைக்கல்லில் மாவை வட்டமாக இழுக்கிறபோது மணிக்கட்டு திரும்புமே, ஏறக்குறைய அந்த அசைவு. புதிதாய்ப் பழகுகிறவர்கள் எல்லோரும் நடுவை நன்றாகத் தீட்டி மூலையை விட்டுவிடுவார்கள், அல்லது மூலையில் அதிகம் உருட்டி வாயை நாக்கு மாதிரி ஆக்கிவிடுவார்கள். நடுநடுவே வாயை நேராக முகத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒரே நேர்கோடாகத் தெரிய வேண்டும்.

எப்போது நிறுத்துவது? உள்பக்கம் விரலால் வெளிநோக்கித் தடவினால் ஒரு பிசிறு தட்டுப்படும், தாளின் ஓரம் மடிந்த மாதிரி. அது மூலைக்கு மூலை வந்துவிட்டால் அந்தத் தாளில் வேலை முடிந்தது. பிசிறு வரும் முன்னால் அடுத்த தாளுக்குப் போனால் முழு நாளும் வீண். நான் இரண்டு மாதம் அப்படித்தான் வீணாக்கினேன். 400க்கும் 800க்கும் ஒவ்வொன்றாகப் போகப் போகப் பிசிறு மெலியும். 2000ஆம் நம்பர் தாளின் துகள் ஏறக்குறைய பத்து மைக்ரான், தலைமுடியின் ஆறில் ஒரு பங்கு. வளைவுளியின் உள்பக்கத்துக்கு அதே தாளைப் பென்சிலில் சுற்றி லேசாக நாலு இழுப்பு. கடைசியாக, சாய்வு முடிந்து அலகு தொடங்குகிற பின் மூலை முனையாக இருந்தால் அதையும் கொஞ்சம் உருட்டிவிடுங்கள். செதுக்கின பரப்பில் அந்த மூலை உரசித்தான் மலிவு உளி மரத்தில் கோடு போடுகிறது. மலிவு உளியை நல்ல உளியாக்குவதில் பாதி இந்த ஒரு உருட்டலில் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை.

இப்போது தோல். பழைய சலூன்களில் நாற்காலியின் பக்கத்தில் ஒரு தோல் வார் தொங்கும், ஞாபகம் இருக்கிறதா? முழுக்கத்தியை அதில் சரக் சரக் என்று இரண்டு பக்கமும் இழுத்துவிட்டுத்தான் கன்னத்தில் வைப்பார்கள். பாதி பிளேடு வந்ததும் வார் போய்விட்டது. அந்த வேலைதான் இதுவும். செருப்புத் தைக்கிறவரிடம் ஒரு சாண் தோல் வாங்கிப் பலகையில் ஒட்டுங்கள், பழைய பெல்ட் இருந்தாலும் சரி. பாத்திரத்துக்குப் பாலிஷ் போடுகிற பட்டறைகளில் பச்சை நிறத்தில் சோப்புக்கட்டி மாதிரி ஒன்று வைத்திருப்பார்கள், அதைத் தோலில் தேய்த்துவிடுங்கள். அதில் இருப்பது குரோமியம் ஆக்சைடு, சித்தம்பூண்டியில் கிடக்கிறது என்றேனே, அந்தக் குரோமைட்டிலிருந்து எடுக்கிற உலோகத்தின் ஆக்சைடு. துகள் அரை மைக்ரான் அளவு. தோலின் மேல் பின்னோக்கி மட்டும் இழுக்க வேண்டும், இருபது முப்பது இழுப்பு. முடிக்கும்போது கையைத் தூக்கிவிடாதீர்கள், வாய் உருண்டுவிடும்.

வளைவுளியின் இரண்டு பக்கத்துக்கும் தட்டைத் தோல் எப்படிப் படியும் என்று கேட்பீர்கள். அந்த உளியாலேயே ஒரு மெத்தான மரத்தில் நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். பச்சைக் கட்டியை அந்த வாய்க்காலில் தேய்த்து உளியை அதிலேயே பின்னோக்கி இழுங்கள். வெளிப்பக்கத்துக்கு அதைவிடப் பொருத்தமான அச்சு உலகத்தில் எங்கும் கிடைக்காது, உளியே வெட்டினதுதானே. உள்பக்கத்துக்கு அதே பலகையின் ஓரத்தை உளியின் வளைவுக்கு உருட்டிக்கொள்ளுங்கள். செலவு பூஜ்யம். கணக்கு எழுதினவன் சொல்கிறேன், இதற்கு மேல் லாபம் கிடையாது.

கூர் வந்ததா என்று மயிரைச் சிரைத்துப் பார்க்காதீர்கள், கை வழுக்கையாவதுதான் மிச்சம். வாயை விளக்குக்கு நேரே பிடியுங்கள். மழுங்கின இடம் வெளிச்சத்தைத் திருப்பி வெள்ளைக் கோடாகக் காட்டும். கூரான வாய் கண்ணுக்கே தெரியாது. பிறகு பேக்கிங் பெட்டி பைன் பலகையில் நாருக்குக் குறுக்கே ஒரு வெட்டு. மரம் மெத்தாக இருப்பதால் பொய் சொல்லாது. கிழிந்து வெளுத்தால் இன்னும் கூர் வரவில்லை. எண்ணெய் தடவின மாதிரி பளபளத்தால் வந்துவிட்டது. அந்தப் பளபளப்பில் ஒற்றை வெள்ளைக் கோடு ஓடினால் வாயில் அந்த இடத்தில் ஒரு பல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

மரத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் புத்தகங்களில் லைம், பாஸ்வுட் என்று எழுதியிருக்கும், தேடி அலையாதீர்கள். குமிழ், மாவிலங்கம், வாகை, வெட்பாலை போதும். வெட்பாலையில்தான் கர்நாடகத்துச் சன்னபட்டணத்துப் பொம்மைகளைக் கடைகிறார்கள். வீட்டில் தேக்குத் துண்டு சும்மா கிடக்கிறது என்று அதில் பழகாதீர்கள். தேக்குக்குள் மணல் சத்து இருக்கிறது, சிலிக்கா. நீங்கள் ஒரு மணி நேரம் தீட்டினதைப் பத்து நிமிடத்தில் தின்றுவிடும்.

பேச்சு நீண்டுவிட்டது. அந்த மேசையில் மூன்று கல், ஒரு கண்ணாடி, எட்டுத் தாள், இரண்டு தோல் பலகை வைத்திருக்கிறேன். பக்கத்தில் என் பழைய பெட்டியில் மிச்சம் இருக்கிற ஐந்து உளி, வாங்கின நாள் மாதிரியே மொட்டையாக. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், நாலு நாலு பேராக வாருங்கள். மார்க்கர் பேனா அந்த டப்பாவில் இருக்கிறது, மூடியை மறக்காமல் மூடுங்கள், காய்ந்துவிடும். கேள்வி கேட்ட தங்கச்சி முதலில் வரட்டும். அந்த அகலமான உளியை மட்டும் விட்டுவிடுங்கம்மா. தையல் போட்டது அதுதான், அதை நானே தீட்டிக்கொள்கிறேன்.